மாஸ்டரின் ஸ்பேர் பேட்டரி

போன வாரம் டிரைவிங் ஸ்கூல் முதலாளி போனை வைத்தார், நாமும் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டோம். ஏழு நாள் நீங்கள் எப்படிப் பொறுத்தீர்களோ தெரியாது. அந்த வீட்டில் ஒருவரும் சரியாகத் தூங்கவில்லை.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மாஸ்டர் இருபத்தாறு வருடம் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். எட்டு மாதத்துக்கு முன்னால் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. நோய் போனது, கூடவே குரலும் போனது. இப்போது சின்ன டார்ச் லைட் போல இருக்கிற ஒரு கருவியைக் கழுத்தில் அழுத்தி, பொத்தானை அமுக்கிக்கொண்டு வாயசைத்தால் பேச்சு வரும். ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் ஒரே சுருதியில் ரீங்கரிக்கிற பேச்சு. அந்தக் கருவிக்கு வீட்டில் வைத்த பெயர் வண்டு.

முதலாளி போனில் சொன்னது இதுதான்.

"திங்கட்கிழமை பத்து மணிக்கு வாங்க மாஸ்டர். ஒரு ஆளுக்கு ரெண்டு மணி நேரம் ரோட்டுல சொல்லிக்குடுங்க. நான் பின்னாடி உக்காந்து பாக்கறேன். குரல் தாக்குப்பிடிச்சா வேலை உங்களுது. இல்லேன்னா வேற ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருக்காரு. தப்பா எடுத்துக்காதீங்க."

அந்தத் திங்கட்கிழமை இதோ விடிந்துவிட்டது.

காலை ஆறரைக்கு மருந்தம்மா ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றார். மருந்தம்மா என்றால் மாஸ்டரின் மனைவி. பதினெட்டு வருடமாக மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்பவருக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர், அதுவே நிலைத்துவிட்டது.

ஃப்ரிட்ஜ் தலையில் வண்டின் சார்ஜர். சார்ஜரில் ஸ்பேர் பேட்டரி. அதன் மேல் பச்சை விளக்கு. எட்டு மாதமாக அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டுத்தான் மருந்தம்மா முகம் கழுவப் போவார். வண்டுக்குள் இருக்கிற பேட்டரி தீர்ந்தால், அது சார்ஜ் ஆகும்வரை ஸ்பேர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கும். பிறகு மறுபடி தன் சிம்மாசனத்தில் ஏறிக்கொள்ளும். அது இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அதைப் பேச விட்டதும் இல்லை. ஆபத்துக்கு என்று எடுத்து வைத்ததை அன்றாடம் எடுத்தாள மருந்தம்மாவுக்கு மனசு வராது.

மாஸ்டரும் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். ஏன் என்று கேட்டால், "சார்ஜ் வீணாகும்" என்பார். அன்றைய பத்தில் இரண்டு அதிலேயே போய்விடும். மற்றதெல்லாம் கரண்டி பாஷை. காபி ஊற்றும்போது தம்ளரில் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினால் 'மெதுவா'. இரண்டு தட்டினால் 'போதும், நிறுத்து'. மருந்தம்மா அதைத் திரும்பிப் பார்க்காமலே புரிந்துகொள்வார்.

இந்த வீட்டுக்குத்தான் மருமகளாக வந்தாள் எண்பது.

எண்பது என்பது அவள் கணவன் வைத்த பெயர். வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு சனிக்கிழமை மட்டும் தலைகாட்டுகிற பிள்ளைக்குப் பெயர் வைக்க மட்டும் நேரம் இருந்திருக்கிறது. அவள் செல்போனும் லேப்டாப்பும் பழுது பார்க்கிற கடையில், பின்மூடியைத் திறந்து உள்ளே கை வைக்கிற மேஜையில் வேலை செய்கிறாள். எந்த போனும் எண்பது சதவீதம் தொட்டால் வயரை உருவிவிடுவாள். முப்பதுக்குக் கீழே இறங்கவும் விடமாட்டாள். ஒரு முறை மாமியார் போனிலிருந்தும் உருவிவிட, "பந்தியில உக்காந்தவளை அரை வயித்தோட எழுப்புறியே" என்று மருந்தம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்று காலை ரொட்டியைத் தட்டில் வைத்துக்கொண்டே எண்பது மெல்ல ஆரம்பித்தாள்.

"அத்தை, அந்த ஸ்பேரைக் கொஞ்ச நேரம் எங்கிட்ட குடுங்களேன். மீட்டர்ல மாட்டிப் பாத்துட்டுத் தந்துடறேன்."

"எதுக்கு?"

"எவ்வளவு நேரம் தாங்கும்னு தெரிஞ்சுக்கத்தான்."

"அதான் பச்சை எரியுதே!"

"பச்சை எரிஞ்சா நெறைஞ்சிருக்குன்னு அர்த்தம் அத்தை. எவ்வளவு தாங்கும்னு அது சொல்லாது. தீர வச்சுத்தான் பாக்கணும்."

மருந்தம்மா கையிலிருந்த பாத்திரத்தை ஓசையோடு வைத்தார்.

"தீர வைக்கிறதா? பரீட்சைக்குப் போற பிள்ளையோட பேனாவுல மை இருக்கான்னு, முழுக்க எழுதித் தீத்தா பாப்பாங்க? நீ உன் வேலையைப் பாரும்மா."

மாஸ்டர் தம்ளரில் இரண்டு தட்டுத் தட்டினார். வாக்குவாதம் முடிந்தது.

எண்பது தண்ணீர் எடுக்கிற சாக்கில் ஃப்ரிட்ஜ் தலையில் கை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. பேட்டரியும் அதே வெதுவெதுப்பு. எப்போதும் நிறைந்து, எப்போதும் சூட்டில். அவள் முகம் மாறியதை யாரும் கவனிக்கவில்லை.

ஒன்பதரைக்கு மாஸ்டர் கழுத்துத் துணியைச் சரிசெய்து, இஸ்திரி போட்ட சட்டையில் இரண்டு பேட்டரியோடும் கிளம்பினார். வாசலில் மருந்தம்மா அவர் காலரை இழுத்துவிட்டார். இழுத்துவிட வேண்டிய தேவை எதுவும் காலருக்கு இல்லை.

மாஸ்டர் ஸ்கூலுக்கும் மருந்தம்மா கடைக்கும் போன பிறகு எண்பது காலியாக நின்ற சார்ஜரைக் கழற்றினாள். கார் சாக்கெட்டில் சொருகுகிற வயர் ஒன்றையும் தேடி எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். எதற்கும் இருக்கட்டும்.

---

கற்றுக்கொள்ள வந்தவர் ஒரு பல் டாக்டர். நாற்பதைத் தாண்டிய பெண்மணி. ஏற்கனவே இரண்டு டிரைவிங் ஸ்கூலில் பாதியில் நின்றவர்.

"ஊரையே வாயைத் தொறங்கன்னு மிரட்டுறவ நான்," என்றார் அவர் சீட் பெல்ட்டைப் போட்டபடி. "ஆனா யாராவது பக்கத்துல உக்காந்து கிளட்ச்னு கத்துனா கால் ரெண்டும் மரத்துப் போகுது. அதான் முன்கூட்டியே சொல்லிடறேன்."

பின் சீட்டில் முதலாளி தொண்டையைச் செருமினார். குரல் இருந்த காலத்தில் மாஸ்டர் கத்தினால் மூன்று தெருவுக்குக் கேட்கும். 'கியர் மாத்து' என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வண்டிக்காரர் கியர் மாற்றிய கதை ஸ்கூலில் இன்னும் ஓடுகிறது.

மாஸ்டர் வண்டைக் கழுத்தில் வைத்தார்.

"கத்த முடியாது டாக்டரம்மா. வண்டியை எடுங்க."

ஒரே சுருதி. கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. டாக்டர் திரும்பி ஒரு முறை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

மாஸ்டரின் இடது கையில் வண்டு. வலது கை ஸ்டியரிங் பக்கம் தயாராக. அவர் காலடியில் பயிற்சி வண்டிகளுக்கே உரிய இரண்டாவது பிரேக்கும் கிளட்ச்சும். முதல் பத்து நிமிடம் வார்த்தையை எண்ணி எண்ணித்தான் பேசினார். அப்புறம் பழக்கம் அவரை இழுத்துக்கொண்டு போனது. கண்ணாடியைப் பாருங்க. லாரிக்கு இடம் விடுங்க. காலை மெதுவா எடுங்க, மெதுவா, இன்னும் மெதுவா. எட்டு மாதம் பேசாததையெல்லாம் அரை மணி நேரத்தில் பேசினார். டாக்டரின் தோள் இறங்கியது. வண்டி குலுங்காமல் மூன்றாவது கியருக்குப் போனது. முதலாளி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

இருபத்தாறு வருட அனுபவம் குரலோடு போய்விடாது என்பதை அந்தக் காருக்குள் இருந்தவர்கள் கண்ணால் பார்த்தார்கள். எனக்கே எழுதும்போது கைதட்டத் தோன்றுகிறது.

முப்பத்தைந்தாவது நிமிடம் முதல் பேட்டரி தேய்ந்து நின்றது. மாஸ்டர் பதறவில்லை. ஓரம் கட்டச் சொல்லிக் கையால் காட்டி, சட்டைப் பையிலிருந்து ஸ்பேரை எடுத்து மாட்டினார். முழுக்க நிறைந்த, எட்டு மாதம் காவல் காத்த, புத்தம் புது ஸ்பேர்.

அது பன்னிரண்டு நிமிடம் ஓடியது.

நின்ற இடம்தான் வம்பு. ஓர் ஏற்றம். முன்னால் மணல் லாரி. பின்னால் வரிசையாக வண்டிகள். "கிளட்ச்சை முழுசா விடாதீங்க, பாதியில பிடிச்சு..." என்கிற இடத்தில் ரீங்காரம் அறுந்தது. மாஸ்டரின் உதடுகள் மட்டும் அசைந்தன. டாக்டர் பயந்துபோய்க் காலை எடுத்துவிட்டார். கார் பின்னால் நகர்ந்தது.

மாஸ்டரின் கால் பிரேக்கில் இறங்கியது. பின்வண்டிக்கும் இவர்களுக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். ஹாரன்கள் அலறின.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதைக் கண்ணெதிரே பார்த்தார் முதலாளி. மாஸ்டரே தன் பக்கத்துப் பெடல்களாலும் ஒற்றைக் கையாலும் சமாளித்து, ஏற்றத்தைக் கடந்து பெட்ரோல் பங்க் ஓரமாக வண்டியை நிறுத்த வைத்தார்.

பேச வேண்டியவருக்குப் பேச முடியவில்லை.

"மாஸ்டர்," என்றார் முதலாளி கடைசியில். "நீங்க சொல்லிக்குடுக்கற அழகுக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா பாதி வழியில இப்படி ஆச்சுன்னா... ரெண்டு மணி நேரத்துல பாதிகூட ஆகலையே. நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க."

நீங்களே சொல்லுங்க என்று வாய் தவறி வந்ததும் முதலாளிக்கே சங்கடமாகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

மாஸ்டர் போனை எடுத்து ஒரு மெசேஜ் தட்டினார். மனைவிக்கு இல்லை. அந்தப் பச்சை விளக்கு ஏமாற்றியது என்று தெரிந்தால் மருந்துக்கடைக் கவுண்டரிலேயே அவர் உடைந்துபோவார். அது மாஸ்டருக்குத் தெரியும்.

மருமகளுக்கு அனுப்பினார். 'ரெண்டும் போச்சு. ஏற்றம் தாண்டி பெட்ரோல் பங்க்.'

பதினோராவது நிமிடம் எண்பதின் ஸ்கூட்டர் வந்து நின்றது.

---

அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பையிலிருந்து சார்ஜரை எடுத்தாள், வயரை கார் சாக்கெட்டில் சொருகினாள், முதல் பேட்டரியை உட்கார வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. அதன் பிறகுதான் நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

"யாரும்மா இப்படிக் கவனிக்காம விட்டது?" என்றார் முதலாளி. "முக்கியமான நாள்னு தெரியாதா?"

ஒரு நொடிதான். மாஸ்டரின் கண் அவள் மேல் இருந்தது.

"யாரும் விடல சார். பேட்டரிக்கு வயசாயிடுச்சு. அதுக்கு யார் என்ன பண்ண முடியும்?" என்றாள் எண்பது. "இஞ்ஜினை ஓட விடுங்க. பத்து நிமிஷத்துல கிளம்பலாம்."

"பத்து நிமிஷத்துல எப்படி நெறையும்? வீட்டுல ரெண்டு மணி நேரம் ஆகும்னு மாஸ்டர் சொல்லிருக்காரே!"

"நெறைய வேண்டாமே சார். காலியான பஸ்ல ஏறறவங்க டக்குனு உக்காந்துடுவாங்க. கடைசி நாலு பேருதான் இடம் தேடிக்கிட்டே நேரத்தைத் தின்னுவாங்க. பேட்டரியும் அப்படித்தான். முதல் பாதி ஓடி வந்து ஏறும். கடைசியில கொஞ்சம் ஏறத்தான் ஒரு யுகம் ஆகும்." அவள் மாமனார் பக்கம் திரும்பினாள். "மாமா, கடைசிச் சொட்டு வரைக்கும் ஓட்டாதீங்க. பச்சை எரியட்டும்னு காத்திருக்கவும் வேண்டாம். எட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை மாத்திக்கிட்டே இருங்க. ஒண்ணு பேசட்டும், ஒண்ணு சாப்பிடட்டும்."

மாஸ்டர் தன் இரண்டு கைகளையும் காட்டினார். ஒன்று வண்டுக்கு. ஒன்று ஸ்டியரிங்குக்கு. மாற்றுவது யார்?

எண்பது பின் சீட்டைப் பார்த்தாள்.

"நானா?" என்றார் முதலாளி.

"நீங்கதான் சார் சும்மா உக்காந்திருக்கீங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். ஸ்டியரிங்கில் தலை வைத்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஏற்றத்துப் பயம் பாதி போயிற்று. முதலாளிக்கும் வேறு வழியில்லாமல் போயிற்று.

கிளம்பும் முன் மாஸ்டர் ஒரு காரியம் செய்தார். பாதி பேட்டரியில் டாக்டரிடம் சொன்னார். "நடுவுல குரல் நின்னா பயப்படாதீங்க. டேஷ்போர்டுல தட்டுவேன். ஒரு தட்டு, மெதுவா. ரெண்டு தட்டு, நிறுத்துங்க."

சாப்பாட்டு மேஜையில் பிறந்த பாஷை காருக்குள் ஏறிக்கொண்டது.

அடுத்த எழுபத்து மூன்று நிமிடத்தில் முதலாளி ஒன்பது முறை பேட்டரி மாற்றினார். முதல் தடவை தலைகீழாக மாட்டினார். நாலாவது தடவை கடிகாரத்தைப் பார்த்து, "மாஸ்டர், நேரம் ஆச்சு, குடுங்க" என்று தானே கை நீட்டினார். ஆறாவது தடவை அவர் மூடியைத் திறந்து வைத்திருந்த நேரத்தில் ஒரு சைக்கிள்காரர் சந்திலிருந்து குறுக்கே வந்தார். மாஸ்டர் டேஷ்போர்டில் இரண்டு தட்டுத் தட்டினார். டாக்டர் அந்த இடத்திலேயே நிறுத்தினார். மாஸ்டரின் கால் பிரேக்கைத் தொடக்கூட இல்லை.

பன்னிரண்டரை தாண்டி ஸ்கூல் வாசலில் இறங்கியபோது டாக்டர் முதலாளியிடம் சொன்னார்.

"இனிமே எனக்கு இவருதான் வேணும். குரல் உசரவே இல்ல பாத்தீங்களா? நான் தப்புப் பண்ணப்பவும் அதே குரல், சரியா பண்ணப்பவும் அதே குரல். எங்கிட்ட பல்லு புடுங்க வர்றவங்ககிட்ட நானும் இப்படிப் பேசக் கத்துக்கணும்."

முதலாளி கையில் ஒட்டிய தூசியைத் தட்டினார். குரல் இருந்த காலத்தில் மாஸ்டரைப் பத்து வருடம் கெஞ்சியிருக்கிறார், கத்தாதீங்க, ஆள் ஓடிடறாங்க என்று. கேட்டாரா மனுஷன்?

"நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடுங்க மாஸ்டர்," என்றார். "ஆனா பேட்டரி மாத்தற வேலைக்கு என்னை எதிர்பாக்காதீங்க. புதுசா ரெண்டு வாங்குங்க."

---

சாயந்திரம் ஆறு மணிக்கு மருந்தம்மா வீடு திரும்பியபோது கூடத்தில் மாஸ்டர் இரண்டு கைகளையும் உயர்த்தி ஸ்டியரிங்கைத் திருப்புவதுபோல் ஆட்டிக் காட்டினார். மருந்தம்மாவுக்குப் புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. பையைக் கீழே போட்டார். அழுதார், சிரித்தார், மூக்கைத் துடைத்தார், மறுபடி அழுதார். எட்டு மாதத்தில் அந்தக் கூடம் பார்க்காத கூத்து.

பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

"ஸ்பேர் எவ்வளவு நேரம் ஓடுச்சு?"

மாஸ்டர் சுவரைப் பார்த்தார்.

"நல்லா ஓடுச்சு அத்தை," என்றாள் எண்பது. "என்ன, அந்தக் கம்பெனி பீஸே கொஞ்சம் அப்படித்தான்..."

"ஏம்மா," என்றார் மருந்தம்மா. "பதினெட்டு வருஷமா கவுண்டர்ல நிக்கறேன். பொய்யான மருந்துச் சீட்டைக் கையில வாங்கறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிடுவேன். உள்ளதைச் சொல்லு."

எண்பது மாமனாரைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"பன்னெண்டு நிமிஷம்."

"ஏன்?"

"பேட்டரி எப்பவும் நெறைஞ்சே இருந்தா சீக்கிரம் மூப்பு வந்துடும் அத்தை. சூடும் சேந்தா இன்னும் சீக்கிரம். ஃப்ரிட்ஜ் மேல எப்பவும் சூடு இருக்கும். தம்ளர் நெறைஞ்சிருக்குன்னு பச்சை எரியும், ஆனா தம்ளரே சுருங்கிப் போயிருக்கும். மாமா பேட்டரியும் அப்படி ஒண்ணும் நல்லா இல்ல. ஒவ்வொரு தடவையும் அடி வரைக்கும் வழிச்சுட்டுத்தான் சார்ஜ் போடறாரு. யாருக்கும் தெரியல. ஏன்னா அவரு பேசினாத்தானே தெரியும்?"

மருந்தம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள் எண்பது. அழுவார் என்று எதிர்பார்த்தார் மாஸ்டர்.

"கடையில தினமும் பழைய சரக்கை முன்னாடி தள்ளிட்டுத்தான் புதுசைப் பின்னாடி அடுக்குவேன்," என்றார் மருந்தம்மா. "பின்னாடி ஒளிஞ்சு கெடக்கிறதுதான் காலாவதி ஆகும்னு புதுசா வர்ற பொண்ணுங்களுக்கெல்லாம் பாடம் எடுப்பேன். வீட்டுல நானே ஒண்ணை ஒளிச்சு வச்சு வீணாக்கியிருக்கேன்."

"அத்தை, நீங்க வேணும்னா..."

"இரும்மா. பயம். வேற ஒண்ணும் இல்ல. ஆஸ்பத்திரியில முதல் வாரம் இவரு வாயைத் தொறந்து தொறந்து பாப்பாரு, சத்தம் வராது. அதை மறுபடி பாக்க எனக்குத் தெம்பில்ல. அந்தப் பச்சையைப் பாத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

தன் தப்பை இப்படி மேஜை மேல் எடுத்து வைக்கிற மாமியாரை நான் அதிகம் பார்த்ததில்லை. காலையில் சொன்னேனே என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாத மருமகளையும்தான்.

மருந்தம்மா எழுந்தார். ஃப்ரிட்ஜ் தலையில் மாஸ்டர் பழக்கத்தில் சற்று முன் மறுபடி ஏற்றி வைத்திருந்த சார்ஜரைப் பேட்டரியும் வயருமாக இறக்கி, ஜன்னலோரக் காற்றில் இருந்த சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவந்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க வாயைத் தொறக்காம இருந்ததும் இதே மாதிரி சேத்து வைக்கிறதுக்குத்தானா?"

மாஸ்டர் தலையாட்டினார். அப்புறம் உள்ளே போய் அலமாரியின் அடித்தட்டைக் குடைந்து ஒரு பழைய போனை எடுத்து வந்தார். வண்டைக் கழுத்தில் வைத்தார்.

"ஆபரேஷனுக்கு முந்தின நாள். ஆஸ்பத்திரி மாடிப்படியில உக்காந்து. பழைய குரல்ல உனக்காகப் பேசி இதுல வச்சிருக்கேன்."

மருந்தம்மாவின் கை போனை நோக்கிப் போய், தொடாமல் நின்றது.

"ஏங்க இத்தனை நாள் குடுக்கல?"

"நேரம் வரட்டும்னு."

எண்பது அந்தப் போனை எட்டிப் பார்த்தாள். "மாமா, எவ்வளவு சார்ஜோட இதை எடுத்து வச்சீங்க?"

"சுத்தமா தீத்துட்டுத்தான்," என்றார் மாஸ்டர் பெருமையாக. "பேட்டரி கெடக் கூடாதுல்ல?"

ஒருத்தர் நிரப்பி வைத்தே கெடுத்தார். இன்னொருத்தர் காலி செய்து வைத்துக் கெடுத்திருக்கிறார். ஜாடிக்கேற்ற மூடி. எண்பதுக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

"எட்டு மாசம் காலியா கெடந்தா எழுந்திருக்க அடம் பிடிக்கும் மாமா. ஆனா உள்ள பேசி வச்சது பேட்டரியில இல்ல, அது தனி. அனேகமா பத்திரமா இருக்கும். ரெண்டு நாள் குடுங்க, பாக்கறேன்."

"ரெண்டு நாள் என்ன, ரெண்டு மாசம் எடுத்துக்கோ," என்றார் மருந்தம்மா. அவர் கண் போனில் இல்லை. "அதுல என்ன சொன்னீங்க? இந்தக் குரல்லயே சொல்லுங்க."

மாஸ்டர் தயங்கினார். "இதுல நல்லா இருக்காது."

"எட்டு மாசமா எனக்கு இதுதான் உங்க குரல். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைன்னு நீங்கதான் அளந்து ஊத்தறீங்க. தீரட்டும். பேசுங்க."

எண்பது பழைய போனை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். வயரைச் சொருகினாள். கறுத்த திரை கறுத்தபடியே கிடந்தது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். அது கண் திறக்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் வண்டு ரீங்கரித்துக்கொண்டிருந்தது. வார்த்தை எதுவும் பிடிபடவில்லை, பிடித்துப் பார்க்கவும் அவள் முயலவில்லை. இடையிடையே மருந்தம்மாவின் சிரிப்பு. ஒரு முறை, "ஐயோ, அதைக் கூடவா சொன்னீங்க?"

வண்டுக்குள் இருப்பது ஸ்பேர் என்பது எண்பதுக்கு நினைவு வந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டாவது நிமிடம் முடிகிற நேரம்.

ரீங்காரம் நடுவில் அறுந்தது.

அவள் பதறிக் கதவுப் பிடியில் கை வைத்தாள். இன்னொரு பேட்டரி சார்ஜரில் இருக்கிறது, போட்டு முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, விளக்கு இன்னும் சிவப்புத்தான். பச்சை வரும்வரை அத்தை அதைத் தொடவே மாட்டார். போய் மாற்றிக் கொடுக்க வேண்டியதுதான்.

கதவைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. சாப்பாட்டு மேஜை வரைக்கும் நாலு அடி, திரும்ப நாலு அடி. பேட்டரி மூடி 'டிக்' என்று விழுந்தது.

"ம்," என்றார் மருந்தம்மா. "விட்ட எடத்துலேந்து சொல்லுங்க."

வண்டு மறுபடி பேசத் தொடங்கியது. எண்பது கதவிலிருந்து கையை எடுத்தாள்.